விடுப்புக்கு மன்னிப்பு எதற்கு? மங்கா இதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானியப் படக்கதையான மங்காவின் வார இதழ்களையும் மாத இதழ்களையும் நடத்தும் ஆசிரியர் குழுவினருக்கு,

நோயுற்று மருத்துவமனையில் இருந்த ஒரு கலைஞர் முழு வேகத்தில் திரும்பி வருகிறார் என்ற அறிவிப்பை, நான் தொடர்ந்து வாங்கும் ஓர் இதழின் அட்டையில் சென்ற மாதம் பெரிய எழுத்தில் பார்த்தேன். அவர் வரையாமல் இருந்தது மூன்றே வாரம். திரும்பி வரும் முதல் இதழிலேயே வண்ணப் பக்கங்களும் வழக்கத்தைவிடக் கூடுதலான பக்கங்களும் அவர் தலையில் ஏற்றப்பட்டிருந்தன. இதழின் இறுதியில் கலைஞர்கள் ஆளுக்கு இரண்டு வரி எழுதும் இடத்தில், வாசகர்களுக்கும் ஆசிரியர் குழுவுக்கும் தொல்லை கொடுத்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகு அந்த இதழை மேலும் புரட்ட எனக்கு மனம் வரவில்லை. படுக்கையில் கிடந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். அவரைப் படுக்கையில் தள்ளியிருக்கக்கூடிய கால அட்டவணையைப் பற்றி அந்த இதழில் ஒரு சொல்லும் இல்லை. இதழின் பெயரையும் கலைஞரின் பெயரையும் நான் எழுதாமல் விடுகிறேன். அது ஓர் இதழின் பழக்கம் மட்டுமே என்றால் அவர்களுக்குத் தனியாகவே எழுதியிருப்பேன்.

நான் தோக்கியோவின் எதோகவா வட்டாரத்தில், நிஷி கசாயில் 11 ஆண்டுகளாக வசிக்கும் தமிழ்ப் பெண். கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஜப்பானிய மொழியைப் பாடநூல்களைவிட உங்கள் இதழ்களே எனக்கு அதிகம் கற்றுத்தந்தன. சிறுவர் இதழ்களில், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் அச்சிடும் வழக்கம் இல்லாதிருந்தால், இந்நாட்டுச் செய்தித்தாளை இன்றளவும் என்னால் படித்திருக்க முடியாது. திங்கட்கிழமை காலையில் ரயில் நிலையத்துக் கடையில் இதழை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு ஓடுவது எனக்கு வாரத்தின் தொடக்கம். ஆகவே, மங்காவை வெளியிலிருந்து பார்த்துக் குறை சொல்பவளாக என்னைக் கருத வேண்டாம். இம்மடலின் ஜப்பானிய வடிவம் உங்களுக்கு அஞ்சலில் வரும். இதைத் தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

2021 மே 20 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமையில், 'பெர்செர்க்' மங்காவை வரைந்த கெந்தாரோ மியுரா இறந்துவிட்டார் என்ற அறிவிப்பைக் கைப்பேசியில் பார்த்தேன். அவர் இறந்தது மே 6. பெருந்தமனியின் சுவர் திடீரெனக் கிழிந்ததால் ஏற்பட்ட மரணம், வயது 54. குடும்பத்தார் தங்களுக்குள்ளேயே இறுதிச் சடங்கை முடித்த பிறகு, இரண்டு வாரம் கழித்து வெளியுலகுக்குச் சொன்னார்கள். அது அவர்களுடைய உரிமை. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் சொல்ல வந்தது அந்த இரண்டு வாரத்தைப் பற்றி. மே 6க்கும் 20க்கும் இடையில் ஒருநாள், நண்பர்களோடு பேசும் குழுவில், "மனிதர் இந்த மாதமும் கையை விரித்துவிட்டார்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்புக் குறியையும் போட்டிருந்தேன். நான் அதை எழுதிய வேளையில் அவர் உயிரோடு இல்லை. அந்தச் செய்தியை நான் இன்றுவரை அழிக்கவில்லை.

1989ல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'பெர்செர்க்' கதையைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும். கதாநாயகன் கட்ஸும் அவனுடன் வந்தவர்களும் கப்பலில் ஏறிய கட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டபோது, கப்பல் கரை சேர்ந்ததா என்று கேட்பது உலகெங்கும் வாசகர்களின் வாடிக்கையான கேலியாக இருந்தது. அவர் வரையாமல் வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்றும் சிரித்தார்கள். ஒரு மனிதர் 30 ஆண்டுகளுக்கு மேல் ஒரே கதையை, ஒவ்வொரு கவசத் தகட்டின் ஆணியையும் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் தனித்தனியாகக் கோடிழுத்து வரைந்துகொண்டிருந்தார். நாங்கள் அவருடைய ஓய்வு நேரத்துக்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்படிக் கேட்பதற்கு எங்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். ஓய்வு என்பது கலைஞர் செய்யும் குற்றம் என்ற எண்ணத்தை நாங்கள் உங்கள் இதழ்களிலிருந்துதான் கற்றோம். தொடர் வராத வாரத்தில் நீங்கள் அச்சிடும் அந்தச் சிறு பெட்டிச் செய்தியில், 'கலைஞரின் திடீர் உடல்நலக் குறைவால்' என்றோ 'தகவல் சேகரிப்பின் பொருட்டு' என்றோ ஒரு காரணமும், அதன் கீழே ஒரு மன்னிப்பும் எப்போதும் இருக்கும். காரணமில்லாத விடுப்பு என்ற ஒன்றை உங்கள் பக்கங்களில் நான் கண்டதே அரிது.

மரணச் செய்தி வந்த அன்று, 'ஃபைனல் ஃபேன்டசி 14' என்ற இணைய விளையாட்டில், கட்ஸை நினைவூட்டும் 'கரும் வீரன்' வேடத்தைப் பூண்டு, முதுகில் பெருவாள் தாங்கிய உருவங்கள் விளையாட்டின் நகரத் தெருக்களில் இருபுறமும் வரிசையாக வந்து நின்றன. ஒருவரையொருவர் அறியாதவர்கள். எவரும் யாரோடும் சண்டையிடவில்லை. தத்தம் வீட்டு அறைகளில் இருந்துகொண்டு, ஒரு பொம்மை உருவத்தின் வழியாக, தலை குனிந்து நிற்பதற்கென்றே வந்தவர்கள். 2024 மார்ச் 1 அன்று அகிரா தோரியாமா 68 வயதில் மூளை உறையின் கீழ் ஏற்பட்ட இரத்தக்கசிவால் இறந்து, மார்ச் 8 அன்று அந்தச் செய்தி வெளியானபோது, அந்த வார இறுதியிலேயே அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரிஸ் நகரத்துத் தூபியின் அடியில் பெருங்கூட்டம் கூடி, அவர் வரைந்த 'டிராகன் பால்' கதையில் வருவதுபோல இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்தியது. சீன வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சாளரும் பிரான்சின் அதிபரும் இரங்கல் தெரிவித்தார்கள். ஜப்பானில் பிறந்து, பெரும்பாலும் தன் ஊரைவிட்டு வெளியே வராமல் வரைந்த ஒருவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இவற்றையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். 2021 செப்டம்பர் 10 அன்று வெளிவந்த 'யங் அனிமல்' இதழில் மியுரா விட்டுச்சென்ற 364வது அத்தியாயமும், சக கலைஞர்கள் அவருக்கு எழுதிய மடல்கள் அடங்கிய சிறு நூலும் இருந்தன. காலையிலேயே மூன்று கடை ஏறி இறங்கி ஒரு பிரதியைப் பிடித்தேன். அந்த நூலை அன்போடும் கவனத்தோடும் செய்திருந்தார்கள். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று தோன்றியது. கலைஞர் இறந்தால் இதழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் ஒதுக்க முடிகிறது. அட்டையை மாற்ற முடிகிறது. அச்சிடும் எண்ணிக்கையைக் கூட்ட முடிகிறது. உயிரோடு இருக்கும் கலைஞர் நான்கு வாரம் படுத்துத் தூங்குவதற்கு மட்டும் பக்கம் ஒதுக்க முடியாமல் போவது எப்படி?

மியுராவின் மரணத்துக்கு வேலைப்பளுதான் காரணம் என்று நான் கூறவில்லை. நான் மருத்துவரும் இல்லை, அவர் வீட்டாரும் இல்லை. பெருந்தமனிக் கிழிவுக்கு உயர் இரத்த அழுத்தம் முதன்மையான காரணி என்பதும், தொடர்ந்த தூக்கமின்மை இரத்த அழுத்தத்தை உயர்த்தும் என்பதும் பொதுவான மருத்துவ அறிவு. ஒரு தனிமனிதரின் மரணத்துக்கு அதற்கு மேல் பொருள் கற்பிப்பது முறையாகாது. தோரியாமா விஷயத்திலும் அப்படியே. ஆனால் இந்தத் தொழிலில் தூக்கமின்மையை வீரமாகப் பேசும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்பதை எவரும் மறுக்க மாட்டார்கள். மங்கா முன்னோடியான ஓசாமு தெசுகா 1989 பிப்ரவரி 9 அன்று இரைப்பைப் புற்றுநோயால் 60 வயதில் இறந்தார். மரணப் படுக்கையிலும், தன்னை வேலை செய்ய விடும்படி அவர் கெஞ்சினார் என்ற செய்தியை உங்கள் துறை தலைமுறை தலைமுறையாகப் போற்றிச் சொல்கிறது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. ஒரு லட்சத்து 28 ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வரைந்து கின்னஸ் பதிவில் இடம்பெற்ற ஷோதாரோ இஷினோமோரியும் 1998ல் 60 வயதிலேயே போய்விட்டார். போரில் இடக்கையை இழந்த ஷிகெரு மிசுகி என்ற கலைஞரோ, ஒரே கையால் வரைந்து 93 வயது வரை வாழ்ந்தார். இராமுழுக்க விழித்து வேலை செய்வதைப் பற்றிப் பெருமை பேசிய அந்த இருவரையும், நன்றாகத் தூங்கிய தன்னையும் ஒப்பிட்டு, ஒரு பக்க மங்காவாகவே அவர் வரைந்திருக்கிறார். அதைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. சிரித்ததோடு சரி.

எனக்கு ஜப்பானிய மொழியைச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் வட்டாரத்தின் சமூகக்கூடத்தில் வெளிநாட்டவர்க்கு ஊதியமின்றி வகுப்பு எடுத்த ஒரு முதியவர். 1980களில் ஒரு வாரத் தொடரின் கலைஞரிடம் பின்னணி வரையும் உதவியாளராக இருந்தவர். வலக்கையின் நடுவிரலில், பேனா அழுந்தும் இடத்தில், நாற்பது ஆண்டு கழிந்தும் கரையாத காய்ப்பு ஒன்று அவருக்கு உண்டு. வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார். வாரத்துக்கு 19 பக்கம். அதில் முதல் மூன்று நாள், கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பென்சிலால் கோட்டுருவம் போடும் 'நேமு' வேலையிலேயே போய்விடும்; ஆசிரியர் குழுவிலிருந்து வருபவர் அதைத் திருப்பித் திருப்பி மாற்றச் சொல்வார்; எஞ்சிய நாள்களில் மையிடுதல், பின்னணி, நிழல் ஒட்டுதல் எல்லாம் நடந்தாக வேண்டும். கெடு நெருங்கும் இரண்டு இரவுகள் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. உதவியாளர்கள் முறைவைத்து மேசைக்கு அடியில் படுப்பார்களாம்; முறையே இல்லாதவர் கலைஞர் ஒருவர்தான். "சென்செய் (ஆசான்) படுத்து நான் பார்த்ததில்லை, உட்கார்ந்தபடி கண்மூடிப் பார்த்திருக்கிறேன்" என்று அவர் சொன்னார். ஆண்டுக்கு 48 இதழ் என்று வைத்தாலும் 900 பக்கத்துக்கு மேல் வருகிறது. வாசகர்கள் அனுப்பும் வாக்கு அட்டைகளில் தொடரின் இடம் சரிந்தால் பத்துப் பதினைந்து வாரத்தில் முடித்துவைத்துவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. வண்ணப் பக்கம் கிடைத்தால் கௌரவம். கூடவே தூக்கமும் போகும்.

அவர் சொன்னவற்றில் என் மனத்தில் தைத்தது பணக் கணக்கு. உதவியாளர்களின் ஊதியத்தைப் பதிப்பகம் தருவதில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கலைஞருக்குக் கிடைக்கும் தொகையிலிருந்து அவரே தர வேண்டும். ஆகவே, பக்கம் வராத வாரத்தில் கலைஞருக்கு வருமானம் இல்லை; அறை வாடகையும் உதவியாளர் கூலியும் மட்டும் நிற்பதில்லை. தனி நூல்கள் லட்சக்கணக்கில் விற்கும் சிலருக்கு இது பொருட்டாகாது. புதிதாகத் தொடர் தொடங்கிய இளைஞருக்கு ஒரு வார விடுப்பு என்பது கடன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் தடுக்கவில்லையே என்று நீங்கள் சொல்லலாம். எடுத்தால் பட்டினி, எடுக்காவிட்டால் நோய் என்ற இடத்தில் ஒருவரை நிறுத்திவிட்டு, தேர்வு உன்னுடையது என்பது நியாயமா?

என் நிறுவனத்தில் மாதத்துக்கு 45 மணி நேரக் கூடுதல் வேலையை நெருங்கினாலே மேலாளருக்கு எச்சரிக்கை போகிறது; இரவு பத்து மணிக்குக் கணினித் திரை தானாகப் பூட்டிக்கொள்கிறது. 2019 முதல் நடைமுறைக்கு வந்த கூடுதல் வேலை உச்சவரம்பின் விளைவு இது. ஆண்டுக்கொரு முறை நிறுவனமே எங்களை உடற்பரிசோதனைக்கு அனுப்புகிறது. பேரியம் கரைத்த அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, எந்திரத்தின் மேல் தலைகீழாகச் சாய்ந்து கிடக்கும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் சக ஊழியர் ஒருவரின் இரைப்பையில் இருந்த கட்டியை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அவர் இன்று எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்திருக்கிறார். ஊழியர்களுக்கு ஆண்டு உடற்பரிசோதனை செய்வது முதலாளியின் சட்டக் கடமை. உங்கள் அலுவலகத்தில் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் ஆசிரியர்க்கு அது உண்டு. அந்தப் பிரதியை வரைந்தவர்க்கு இல்லை, ஏனெனில் அவர் சட்டத்தின் கண்ணில் தனித்தொழில் செய்பவர். சில பதிப்பகங்கள் தாமாகவே முன்வந்து இதைச் செய்யக்கூடும். செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த, தனித்தொழில் புரிவோரைக் காக்கும் சட்டம், நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும், 60 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. ஒருவர் நாளுக்கு எத்தனை மணி நேரம் தூங்க விடப்பட வேண்டும் என்பதை அதுவும் சொல்லவில்லை. சட்டம் சொல்லாத இடத்தில் உங்கள் மனச்சாட்சி பேச வேண்டும் என்பதற்காகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

தொடர் நின்றால் வாசகர் ஓடிவிடுவார் என்ற உங்கள் அச்சத்தை நான் அறிவேன். அதற்கு நானே சாட்சி, நான் ஓடவில்லை. என்னைவிட வலுவான சாட்சிகளும் இருக்கிறார்கள். உலகில் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சாகியுள்ள 'ஒன் பீஸ்' தொடரின் எய்இச்சிரோ ஓதா, பல ஆண்டுகளாகவே சில வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் நிறுத்தித்தான் வரைகிறார். 2022ல் கதையின் இறுதிக் கட்டத்துக்கு முன் ஒரு மாதமும், 2023ல் கண் அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரமும் நிறுத்தினார். அதனால் யாரும் அந்தக் கதையைக் கைவிடவில்லை. 'ஹன்டர் ஹன்டர்' வரையும் யொஷிஹிரோ தொகாஷி, இடுப்பு வலியால் இரண்டு ஆண்டு நாற்காலியில் உட்காரவே முடியாமல் இருந்ததைத் தாமே எழுதினார். ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2022ன் இறுதியில் அத்தொடர் திரும்பியபோது கடைகளில் அவ்விதழ் எப்படிப் போயிற்று என்பதை விற்றவர்கள் நீங்கள். தோரியாமா பத்தரை ஆண்டுகளில் 519 அத்தியாயங்களை வாராவாரம் வரைந்து 1995ல் நிறுத்தியபின், அவ்வளவு நீண்ட வாரத் தொடர் எதையும் மீண்டும் ஏற்கவில்லை. அதனால் அவர்மீது எங்களுக்கு அன்பு குறைந்ததா? கைகளை உயர்த்தி நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் அந்தத் தொடர் முடிந்த பிறகு பிறந்தவர்களாக இருப்பார்கள்.

மியுராவின் கதையே இதற்கு விடை சொல்கிறது. அவர் இறந்த பின்னர், அவரிடம் உதவியாளர்களாக இருந்த ஸ்டுடியோ காகாவினர், பள்ளிக்கால நண்பரான கோஜி மோரியின் மேற்பார்வையில் 2022 ஜூன் 24 முதல் கதையைத் தொடர்கிறார்கள். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன் மியுரா அவரை அழைத்து முடிவு வரை முழுக் கதையையும் சொல்லியிருந்தார். அவர் சொல்லக் கேட்டதை மட்டுமே எழுதுவேன், எனக்குத் தெளிவாக நினைவில்லாததை எழுத மாட்டேன், நானாக எதையும் பெருக்க மாட்டேன் என்று மோரி வாசகர்களுக்கு வாக்களித்தார். எங்களுக்கு இது புதிதன்று. கல்கி 1954ல் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற 'அமரதாரா'வை அவர் மகள் ஆனந்தி முடித்துத் தந்ததைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். நண்பரின் நாணயத்தை நான் வணங்குகிறேன். ஒவ்வொரு அத்தியாயமும் வரும்போது வாங்கிப் படிக்கிறேன். ஆனாலும் அந்தக் கோடுகளுக்கு நடுவே என் கண் மியுராவின் கையைத் தேடுகிறது. எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருந்திருப்பேன்; கப்பல் கரை சேராமலே போயிருந்தாலும் சம்மதித்திருப்பேன்.

இதழை நிறுத்தத் தெரியாதவர்கள் அல்லர் நீங்கள். புத்தாண்டுக்கும், மே மாதத் தொடர் விடுமுறைக்கும், ஆகஸ்டில் முன்னோர்க்குரிய ஓபோன் நாள்களுக்கும் இரண்டு வார எண்களை ஒன்றாக அச்சிட்டு 'இணைப்பிதழ்' வெளியிடுகிறீர்கள். அச்சகத்துக்கு விடுமுறை, விநியோக வண்டிக்கு விடுமுறை என்பதால் அந்த வாரம் இதழ் வருவதில்லை. எந்த வாசகரும் உங்கள்மேல் வழக்குப் போடவில்லை, மன்னிப்பும் எவரும் கேட்கவில்லை. கொடுமை என்னவென்றால், அந்த விடுமுறைக்காகக் கெடுவை முன்னுக்கு இழுப்பதால், வரைபவருக்கு அதற்கு முந்தைய வாரங்கள்தான் ஆண்டிலேயே மிகக் கடுமையானவை. என் ஜப்பானிய மொழி ஆசிரியர் ஆண்டிறுதி என்ற சொல்லைக் கேட்டாலே இன்றும் விரலைத் தடவிக்கொள்வார்.

2021ன் கோடையில், வாசகர் அட்டையில் இடமில்லாமல் தனித் தாளில் இவற்றை எழுதி ஓர் இதழுக்கு அனுப்பினேன். என் கருத்து இனிவரும் காலத்தில் கவனத்தில் கொள்ளப்படும் என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அதை மரியாதைக் குறைவாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கவனத்தில் கொண்டதற்கான அடையாளம் எதையும் அதன் பிறகு அவ்விதழின் பக்கங்களில் காணவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

தமிழில் எழுதும் காரணத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை விற்பனைக்கு வர வேண்டிய பக்கங்களை வியாழன், வெள்ளியிலேயே எங்கிருந்தோ கசியவிட்டு, உலகெங்கும் ஒரே இரவில் மொழிபெயர்த்துப் பரப்பும் கூட்டத்தில் என் மொழி பேசுபவர்களும் இருக்கிறார்கள். வாராவாரம் அத்தியாயம் வரவில்லையே என்று கலைஞரைத் திட்டுபவர்களிலும் இருக்கிறார்கள், நானும் இருந்தேன். ஒரு காசும் கொடுக்காமல் படித்துவிட்டு, வேகம் போதவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் நமக்கு, பதிப்பகத்தின் மேல் மட்டும் விரல் நீட்டும் தகுதி கிடையாது. ஆகவே இதைத் தமிழில் படிப்பவர்கள், தாம் விரும்பும் கலைஞர் விடுப்பில் போகும் அடுத்த முறை, எப்போது வருவார் என்று கேட்காமல் இருக்க முடியுமா என்று முயன்று பார்க்க வேண்டும். இதை நான் எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆசிரியர் குழுவினரே, உங்களிடம் நான் கேட்பவை இவை. வாரத் தொடர் வரையும் ஒவ்வொருவருக்கும் அவர் கேட்காமலே, தொடரின் முதல் நாளிலேயே, ஆண்டு அட்டவணையில் விடுப்பு வாரங்களைக் குறித்துக் கொடுங்கள். நான்கு வாரத்தில் ஒன்று என்பது என் கோரிக்கை; மிகப் பெரிய தொடர் ஒன்றுக்கு அது இயலும் என்றால் மிகச் சிறிய தொடருக்கும் இயல வேண்டும். புகழ் பெற்றபின் கிடைக்கும் சலுகையாக அது இருக்கக் கூடாது, ஏனெனில் உடல் தேய்வது புகழ் வருவதற்கு முந்தைய ஆண்டுகளில்தான். அந்த வாரங்களுக்குப் பக்கத் தொகை தர இயலாதென்றால், குறைந்தது உதவியாளர்களின் ஊதியத்தையாவது பதிப்பகம் ஏற்க வேண்டும். பணமில்லாத விடுப்பை எவரும் எடுக்க மாட்டார்கள், அது காகிதத்தில் மட்டும் இருக்கும்.

உங்கள் ஊழியர்கள் செல்லும் அதே மருத்துவமனைக்கு, அதே ஆண்டுப் பரிசோதனைக்கு, கலைஞர்களையும் அவர்களுடைய உதவியாளர்களையும் உங்கள் செலவில் அனுப்புங்கள். போகும் நாளில் கெடு வைக்காதீர்கள். நோயிலிருந்து திரும்பும் கலைஞருக்கு மருத்துவர் எழுதித் தரும் வரை வண்ணப் பக்கமும் கூடுதல் பக்கமும் கொடுக்காதீர்கள். இணைப்பிதழ் வாரங்களில் கெடுவை முன்னுக்கு இழுக்கும்போது அந்த இதழின் பக்க எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இவற்றில் சிலவற்றுக்குப் பணம் வேண்டும், கூட்டம் கூட வேண்டும், காலம் ஆகும் என்பதை அறிவேன். பணமும் கூட்டமும் தேவைப்படாத கோரிக்கை ஒன்று உண்டு. அதை அடுத்த இதழிலேயே நீங்கள் நிறைவேற்றலாம். தொடர் வராத வாரத்தில் நீங்கள் அச்சிடும் பெட்டியிலிருந்து மன்னிப்பை எடுத்துவிடுங்கள். காரணத்தையும் எடுத்துவிடுங்கள். 'இந்த வாரம் விடுப்பு' என்று மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
திங்கட்கிழமை வாசகி ஒருத்தி,
நிஷி கசாய், தோக்கியோ